சீட்டில் வந்த வாளி

சௌந்தரவல்லி உள்ளே நுழைந்தபோது வெள்ளைப் பலகை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது, அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. தருமலிங்கம் சார் பலகையைத் துடைக்கிற ஆளே கிடையாது; நேற்று எழுதியதன் மேலேயே இன்றும் எழுதி, அம்பு விட்டு, வட்டம் போட்டு, கடைசியில் ஒருவருக்கும் ஒன்றும் புரியாமல் போனதும் "இப்பதான் கதை வந்திருக்கு" என்பார். அப்படியென்றால் வேறு யாரோ துடைத்திருக்கிறார்கள். துடைப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஜெகதீசன்தான், வேறு யார், சோபா மூலையில் உட்கார்ந்து ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் இவள் இங்கே சொன்ன தேரோட்டக் காட்சி வேறொரு சேனலில் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தது, கேட்டதற்கு "எல்லார் ஊர்லயும் தேர் ஓடும் மேடம்" என்றான். சாலிகிராமத்தில் ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாம் மாடி வீடு இது. கீழே பெயர்ப் பலகை கிடையாது, யாராவது விசாரித்தால் வாட்ச்மேன் "கதை பேசுற வீடா?" என்று கேட்டு மேலே கை காட்டுவான். இரவு எட்டரை மணித் தொடரின் கதை இலாகா. தருமலிங்கம் தலைவர், இவளும் ஜெகதீசனும் பழைய ஆட்கள், வான்மதி சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வான்மதி அதிகம் பேச மாட்டாள், ஜன்னல் ஓரத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசுகிறவர்களிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும், பேசாதவர்களிடம் என்ன இருக்கிறதோ. இன்றைக்கு என்னவோ அந்தப் பெண் இவளுக்கு நகர்ந்து இடம் கொடுத்தாள். ஏன் நகர்ந்தாள்? மரியாதையா, இல்லை போன் திரையை மறைக்கவா? சௌந்தரவல்லி உட்கார்ந்தாள், பிளாஸ்க்கைத் திறந்து டீயை மோந்து பார்த்தாள், நேற்றைய டீயைச் சூடு பண்ணியிருக்கிறார்கள் என்று தோன்றியது, ஊற்றிக் குடித்தாள்.

போன வருஷம் சேனல்காரர்கள் தருமலிங்கத்தை ஐதராபாத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்கு அனுப்பி, புதிது புதிதாக யோசிப்பது எப்படி என்று வகுப்பு எடுக்க வைத்தார்கள். மனிதர் ஒரு தோள்பையும் தண்ணீர் பாட்டிலும் மூன்று வித்தைகளுமாகத் திரும்பி வந்தார். முதல் வித்தை, பேச ஆரம்பித்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் 'அது வராது' என்று சொல்லக் கூடாது. எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் பலகையில் ஏறிவிட வேண்டும். இரண்டாவது, கவிழ்த்துப் போடுவது. திருடனைப் போலீஸாக்கு, மருமகளைப் பார்த்து மாமியாரை நடுங்க வை. மூன்றாவது பிஸ்கட் டப்பா. குடை, பூட்டு, பல்லி, பந்தல் என்று கண்டதையும் எழுதிய சீட்டுகள் அதில் கிடக்கும், யோசனை நின்றுபோனால் ஒன்றை எடுத்து, சம்பந்தமே இல்லாத அதைக் கதையோடு முடிச்சுப் போட வேண்டும். ஆரம்பத்தில் இவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, பிள்ளை விளையாட்டு மாதிரி. ஆனால் வந்தது. தோண்டத் தோண்ட வந்தது. அதுதான் பயம். இங்கே ஒரு மணி நேரம் 'வராது' சொல்லாமல் பழகிய மனசு வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அதைக் கழற்றி வைத்துவிடுமா? வீட்டிலும் யாரும் 'வராது' சொல்லவில்லை. இவள் கணவன் தெய்வநாயகம் லிப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் திருச்சியில் விடுதியில் படிக்கிறாள், வீட்டில் இருப்பது இரண்டே பேர், இரண்டு பேரில் ஒருவர் பொய் சொன்னால் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் இலாகா தேவையில்லை. சனிக்கிழமை டியூட்டி என்று காலையில் கிளம்புகிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர் ஆபீஸ் பையனே வீட்டுக்குப் போன் போட்டு "சார் ஊர்லேர்ந்து வந்துட்டாரா மேடம்?" என்று கேட்டான். இவள் வாய் கூசாமல் "நாளைக்கு வருவார் தம்பி" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இவளே அந்தப் பொய்க்கு ஒத்துழைத்தது ஏன்? அன்று சாயங்காலம் வந்தவர் மேல் வேப்பெண்ணெய் சோப்பு வாசனை. வீட்டில் அந்த சோப்பு கிடையாது. எந்தக் காதலியாவது வேப்பெண்ணெய் சோப்பு வைத்திருப்பாளா என்று முதலில் ஆறுதலாக இருந்தது, ஏன் வைத்திருக்க மாட்டாள், சொறி சிரங்கு காதலிக்கும் வரும் என்று மனசே பதிலும் சொன்னது. பையில் மலிவான சவர ரேஸர் பாக்கெட், இவர் அந்த ரகம் வாங்குகிறவர் இல்லை. பேரீச்சம்பழம் வாங்கிய பில், வீட்டுக்கு வராத பேரீச்சம்பழம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கீழே பார்க்கிங்குக்குப் போய் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று போனில் பேசுகிறார், மாடியிலிருந்து பார்த்தால் வழுக்கையும் அசைகிற ஒரு கையும்தான் தெரியும், அந்தக் கை யாரையோ தட்டிக் கொடுப்பது மாதிரி காற்றில் அசையும். அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் இவள் அழுதபோது அந்தக் கை அப்படித்தான் முதுகில் அசைந்தது.

"யாழினியும் கௌதமும் ஏகத்துக்கு சந்தோஷமா இருக்காங்க, நாடு தாங்காது" என்று தருமலிங்கம் ஆரம்பித்தார். யாழினி தொடரின் நாயகி, கௌதம் அவள் கணவன். போன வாரம் டிஆர்பி இறங்கிவிட்டது, சேனலிலிருந்து காலையிலேயே போன். "கௌதம் மேல ஒரு சந்தேகம் வரணும். ஆனா சட்டையில லிப்ஸ்டிக், பாக்கெட்ல சினிமா டிக்கெட், இதெல்லாம் எங்க பாட்டன் காலத்து சந்தேகம். புதுசா வேணும். வல்லி, ஆரம்பிம்மா." ஏன் தன்னிடம் ஆரம்பிக்கிறார்? இவருக்கு ஏதாவது தெரியுமா? முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? சௌந்தரவல்லி வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாக ஒரு நர்ஸ் கதை வைத்திருந்தாள், ஆனால் வந்தது வேறு. "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வர்றான் சார். கிட்ட போனா சோப்பு வாசனை. அவங்க வீட்டு சோப்பு இல்ல." அறை ஒரு நொடி அசையாமல் இருந்தது. ஜெகதீசனின் வடை பாதி வழியில் நின்றது. இந்த நிசப்தத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறோம், நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம், சீ, இதற்கா சந்தோஷப்படுவது. ஆனால் நிறுத்த முடியவில்லை. ரேஸரைச் சொன்னாள், பேரீச்சம்பழத்தைச் சொன்னாள், ஜெனரேட்டரைச் சொன்னாள். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது, இத்தனை மண்டைகள் காசு வாங்கிக்கொண்டு யோசிக்கின்றன, தனக்கு ஒரு மாதமாகப் பிடிபடாதது இவர்களுக்குப் பிடிபடட்டுமே, யாருக்குத் தெரியப் போகிறது, கௌதமின் சோப்புதானே. தருமலிங்கம் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து எழுத ஆரம்பித்தார். "இன்னொரு குடும்பம் சார், குழந்தை பொறந்து பத்து மாசம், பேரீச்சம்பழம் குழந்தைக்கு" என்றான் ஜெகதீசன். எழுதினார். "இல்ல, குழந்தை இல்ல, பெரிய பையன், மீசை முளைக்குது, ரேஸர் அவனுக்கு" என்று அவனே மாற்றினான். எழுதினார். பெரிய பையனா? மீசை முளைக்கிற வயதில் என்றால் கல்யாணத்துக்கு முன்னாலேயா? கோவில்பட்டியில் அவர் பாலிடெக்னிக் படித்த காலத்தில் யார் இருந்தார்கள், வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் மகள் என்று ஒருமுறை பேச்சு வந்து பாதியில் நின்றதே, ஏன் நின்றது? "கௌதம் பொணம் குளிப்பாட்டுற வேலை பார்க்கிறான், ரகசியமா, ஏதோ வேண்டுதல்" என்றான். எழுதினார். "யாரையோ கொன்னுட்டான், வாசனை போக வேப்பெண்ணெய்." எழுதினார். அது வராது, அது வராது என்று இவள் நாக்கு நுனிவரை வந்தது, சொல்லக் கூடாது, விதி. விதியைப் பயன்படுத்திக்கொண்டு ஜெகதீசன் வேண்டுமென்றே சொல்கிறானோ? கண்ணைப் பார்த்தே சொல்கிறானே. இவள் வேப்பெண்ணெய் என்று சொன்னாளா, வெறும் சோப்பு என்றா? சொன்னாளா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது, சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? பலகையைப் படம் எடுக்கிறவன் பையைத் திறந்து பார்க்க மாட்டானா? பிறகு ஞாபகம் வந்தது, சொல்லியிருந்தாள், அதைச் சொன்னபோது தருமலிங்கம் மூக்கைச் சுளித்தார். அப்படியும் நெஞ்சு அடங்கவில்லை.

பலகை நிறைந்துவிட்டது, தருமலிங்கம் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் இருக்கு, ஆனா உள்ள போகல. டப்பாவை எடு." டப்பா கைமாறியது. சௌந்தரவல்லிக்கு இந்த டப்பா மேல் என்றைக்கும் ஒரு சந்தேகம், சீட்டுகளை எழுதுகிறவரே அவர்தானே, எதை மேலே போட வேண்டும் என்று தெரியாமலா இருக்கும். கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த வான்மதி கையை விட்டு ஒன்றை எடுத்தாள். "வாளி." ஜெகதீசன் சிரித்தான். "வாளியில என்னத்த எடுக்கிறது, கிணத்துல தூர் வாரலாம்." வான்மதி சிரிக்கவில்லை, சீட்டை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லி அந்த விரல்களையே பார்த்தாள், நகத்தில் சாயம் இல்லை, இவள் எங்கே குடியிருக்கிறாள், ஆவடிப் பக்கம் என்று சொன்ன நினைவு, தெய்வநாயகத்தின் பைக் நம்பர் எழுதிய பார்க்கிங் சீட்டு ஒன்றில் ஆவடி என்று இருந்ததே, கடவுளே, ஆவடி, அதனால்தான் இன்றைக்கு நகர்ந்து இடம் கொடுத்தாளா? பேசாத பெண், சின்னப் பெண், எல்லார் முகத்தையும் பார்க்கிற பெண். ஒரு முறை ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்து வந்தோமே, இவள் அப்போது சேரவே இல்லையே. சேரவில்லை என்று நமக்குத் தெரியும், சேருவதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று தெரியுமா? கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. வான்மதி மெதுவாகச் சொன்னாள், "சார், நாம எல்லாரும் அவர் குளிச்சுட்டு வர்றார்னே நினைக்கிறோம். அவர் குளிக்கல. வாளியில தண்ணி எடுத்து யாரையோ குளிப்பாட்டிட்டு வர்றார். கைதான் மணக்குது." தருமலிங்கம் திரும்பினார். "யாரை?" "தன்னால குளிக்க முடியாத யாரையோ. சவரம் பண்ணிக்க முடியாத யாரையோ. ஆம்பளை சார், ரேஸர் இருக்கே. வீட்ல பேர் சொல்ல முடியாத ஆம்பளை."

அப்போது சௌந்தரவல்லிக்குச் சட்டை ஞாபகம் வந்தது. தலை ஈரமாக இல்லை. ஒரு நாளும் தலை ஈரமாக இருந்ததில்லை. சட்டைக் கைதான் முழங்கைக்கு மேல் மடித்துச் சுருங்கி ஈரமாக இருந்தது, பேன்ட்டின் முட்டி ஈரமாக இருந்தது, துவைக்கப் போட்டபோது பார்த்தாள், பார்த்துவிட்டு முட்டி போட்டு யார் காலைப் பிடித்தாரோ என்று வயிறெரிந்தாள். வீட்டில் பேர் சொல்ல முடியாத ஆம்பளை. இந்த வீட்டில் பேர் சொல்லாத ஆம்பளை ஒருத்தன்தான் உண்டு. சங்கரபாண்டி, அவர் தம்பி, இவள் கொழுந்தன். அந்தப் பேச்சு முடிந்துபோன பேச்சு, அதை இப்போது யாரும் எடுக்க வேண்டாம், அதில் இவள் மேல் என்ன தப்பு இருக்கிறது, அவன் குடித்தான், குடும்பத்து விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் ஊற்றிய இலையிலேயே முகத்தை வைத்துத் தூங்கினான், ஐந்நூறு பேர் பார்த்தார்கள், பார்த்தவர்களில் ஒருத்தி கதை எழுதுகிறவள், அவ்வளவுதானே. தொடரில் கதை படுத்துவிட்டபோது அந்தப் பந்திக் காட்சியைச் சொன்னாள், வைத்தார்கள், தூங்குமூஞ்சி மாமா என்று பேர் வைத்து ஒரு நடிகரைப் போட்டார்கள், ஜனங்களுக்குப் பிடித்துப்போய் அந்தப் பாத்திரம் மாசக்கணக்கில் இலையில் தூங்கியது. கோவில்பட்டியில் சங்கரபாண்டி தெருவில் இறங்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் "தூங்குமூஞ்சி மாமா, இலை போட்டாச்சு" என்று கத்தின. அவன் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். தெய்வநாயகம் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், நூறு பதில் வைத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல், அதற்குப் பிறகு ஆபீஸில் நடந்ததை வீட்டில் சொல்வதை நிறுத்திக்கொண்டார், தன் அம்மாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார், கனவு கண்டு விழித்தால் கூடக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் கேட்டார். வயசாகிறது, அலுப்பு என்று இவள் நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாளா? "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போனாள். போகும்போது தருமலிங்கம் மேஜையைத் தட்டி "லாக்! இதான் ட்ராக்! லாக்!" என்று கத்துவது கேட்டது, கதை முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

பால்கனியில் யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன, பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. கூப்பிடலாமா வேண்டாமா என்று விரல் பெயருக்கு மேல் நின்றது. வான்மதி சொன்னது வெறும் சீட்டு, ஒரு வாளி, வாளிக்குப் பதில் பல்லி வந்திருந்தால் அவர் பல்லி மருந்து வாங்கப் போயிருப்பார். சீட்டில் வந்ததை நம்பிக் கேட்பதா? கேட்டு அது இல்லையென்றால், வேறொன்று இருந்தால்? கூப்பிட்டாள். "என்ன வல்லி, இந்த நேரத்துல" என்றார், பின்னால் எங்கோ இரும்பு மேல் இரும்பு தட்டுகிற சத்தம். "ஏங்க, சனிக்கிழமை யாரைக் குளிப்பாட்டுதீங்க?" சத்தம் தூரமாகிக்கொண்டே போனது, நடந்து எங்கோ ஒதுங்குகிறார். "யார் சொன்னா உன்ட்ட?" "ஒருத்தரும் சொல்லல. நானா யோசிச்சேன்." "யோசிச்சியா" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த பயத்தை இவள் இதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. பதினெட்டாவது மாடி லிப்ட் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து இட்லி சாப்பிடுகிற மனுஷன். "நீ இப்ப எங்க இருக்க? ஆபீஸ்லயா? பக்கத்துல யாரு நிக்கா?" "யாரும் இல்ல. சங்கரபாண்டியா?" "ஆவடி தாண்டி ஒரு மையம். குடிய நிறுத்துறதுக்கு. அவனா வந்து சேர்ந்தான் வல்லி, யாரும் இழுத்துட்டு வரல. கை நடுங்குது, சொம்பைப் பிடிக்க முடியல, சவரம் பண்ணா கிழிச்சுக்கிடுதான். நான் போய் ஊத்தி விட்டுட்டு வாரேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான் அவன். மைனிக்குத் தெரியக் கூடாது அண்ணேன்னான்." இவள் கொடியில் காய்ந்த சட்டை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி அங்க ஹால்ல டிவி போடுவாங்க. உன் தொடர்தான். எல்லாரும் பாக்கிறதால இவனும் உக்காந்திருக்கணும். அந்த நேரம் பூரா தலையைக் குனிஞ்சுட்டே இருப்பான், எப்ப தன்னைக் காட்டுவாங்களோன்னு. உன்ட்ட சொல்லக் கூடாதுன்னு இல்ல வல்லி. சொன்னா நீ எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியல." குரலில் கோபமே இல்லை, கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொன்னார். ஒரு மாதமாக இவள் அவரைச் சந்தேகப்பட்டாள், அவர் வருஷக்கணக்காக இவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அதே தட்டில் சாப்பிட்டிருக்கிறார். "எழுத மாட்டேன்" என்றாள். "சரி" என்றார், நம்பாதவர்கள் சொல்கிற சரி.

உள்ளே வந்தபோது பலகையில் வாளி என்று எழுதி மூன்று வட்டம் போட்டிருந்தது. கௌதம் யாரைக் குளிப்பாட்டுகிறான் என்பதற்குக் கீழே ஜெகதீசன் கையெழுத்தில் 'தம்பி? குடிகாரத் தம்பி?' என்று இருந்தது, அவனுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ, விட்ட இடத்திலிருந்து வண்டி தானாக அங்கேதான் போய் நிற்கும். "சேனலுக்குச் சொல்லிட்டேன் வல்லி, கேட்டுட்டு நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. தூங்குமூஞ்சி மாமாவையே திரும்பக் கொண்டு வரலாம், மறுவாழ்வு மையத்துல வச்சு. ஜனம் கண்ணீர் விடும். நாளன்னிக்கே ஷூட்டிங்" என்றார் தருமலிங்கம். அந்த ஹால், வரிசையாகப் போட்ட நாற்காலிகள், குனிந்த ஒரு தலை, திரையில் அதே வாளி, அதே சோப்பு, அதே அண்ணன். அவன் என்ன நினைப்பான்? அண்ணன் சொல்லிவிட்டான் என்று நினைப்பான். குளிப்பாட்டுகிற கையே காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைப்பான். அதற்கப்புறம் அந்த மையத்தில் எத்தனை நாள் இருப்பான்? கேட்டைத் தாண்டினால் கடை எவ்வளவு தூரம்? "சார், இது வேண்டாம்" என்றாள். "ஏன்?" ஏன் என்று சொன்னால் அதுவும் கதையாகிவிடும், சொல்லிய வாய் மூடுவதற்குள் பலகையில் ஏறிவிடும். "வேண்டாம் சார்." தருமலிங்கம் கெட்ட மனிதர் இல்லை, இவள் முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். "சேனலுக்குச் சொன்னதை நான் சும்மா வாபஸ் வாங்க முடியாதும்மா. இதுக்கு மேல ஒண்ணு குடு. அழிச்சிடறேன்." சௌந்தரவல்லி பலகை முன்னால் நின்றாள். ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றுமே வரவில்லை. டப்பாவில் கை விட்டாள், கொலுசு வந்தது, கொலுசு என்றதும் மேல் வீட்டு அகிலா மொட்டை மாடியில் அழுதுகொண்டே சொன்னது வந்தது, அது அகிலாவுடையது. இன்னொன்று எடுத்தாள், தையல் மெஷின், அது இவள் சித்தியுடையது, யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. கண்ணாடி, அது மகளுடையது, வேண்டவே வேண்டாம். கவிழ்த்துப் பார்த்தாள், கவிழ்த்தாலும் அகிலா அகிலாதான். இத்தனை வருஷத்தில் தனக்குத் தோன்றியது என்று இவள் நினைத்த ஒவ்வொன்றும் யாரோ நம்பிச் சொன்னது, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு முகம் நின்று தலையைக் குனிந்துகொண்டது. தன்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா? எவரும் நம்பிச் சொல்லாத, வேறு எவரையும் தொடாத ஒன்று? இருந்தது. போன சனிக்கிழமை நடந்தது, அதை இவள் தனக்குத்தானே கூட இன்னும் முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

"சந்தேகம் கௌதம் மேல வேணாம் சார்" என்று ஆரம்பித்தாள், குரல் யாருடையதோ போல் இருந்தது. "சந்தேகப்படுறவளைக் காட்டுவோம். யாழினிக்கு ஒரு அக்கா. புருஷன் லிப்ட் கம்பெனியில வேலை. அவர் சனிக்கிழமை எங்க போறார்னு தெரியணும். கேக்க வாய் வரல. அதனால தன்னோட அடுக்குமாடி லிப்ட்டுக்குள்ள போய், கம்பெனிக்குப் போன் பண்ணி, லிப்ட்ல மாட்டிக்கிட்டேன், மூச்சு முட்டுது, இன்னாரை உடனே அனுப்புங்கன்னு புருஷன் பேரைச் சொல்லிக் கேக்குறா. மாட்டவே இல்ல, கதவு திறந்துதான் இருக்கு. அந்தப் பக்கம் போன் எடுத்த பொண்ணு, கத்துற சத்தம் வரலையே மேடம், நிஜமாவே மாட்டியிருக்கீங்களான்னு கேக்குது. உடனே இவ கதவை மூடி எல்லா பட்டனையும் மாத்தி மாத்தி அமுக்குறா. லிப்ட் நிஜமாவே ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுருது." ஜெகதீசனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "வேர்க்குது. நைட்டியோட நிக்கிறா. குடியிருக்கிறவங்க எல்லாம் மேலயும் கீழயும் கூடிட்டாங்க. பூ கட்டுற அம்மா தேங்காய் உடைக்கிறேன்னு வேண்டிக்குது. ஒருத்தர் வந்து மேல் கதவைத் திறந்து கையைக் கொடுக்கிறார், புருஷன் இல்ல, அவருக்குக் கீழ வேலை பார்க்கிற பையன். இவ கால் வைக்க இடம் இல்லாம அவன் தோளைப் பிடிச்சு ஏறி, வயித்தால ஊர்ந்து வெளிய வர்றா. அவன் முகத்தைப் பார்த்துட்டு, மேடம், நீங்க எங்க சார் வீட்டம்மால்ல, சார் பேரைச் சொல்லிக் கேட்டீங்களாமே, சார் இன்னைக்கு லீவுன்னு உங்களுக்குத் தெரியாதான்னு கேக்குறான். அத்தனை பேர் முன்னாடியும். சார்ட்ட மட்டும் சொல்லிராத தம்பின்னு அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சுறா." ஜெகதீசன் சோபாவில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், வடைப் பொட்டலம் கீழே விழுந்தது, "மேடம், ஐயோ, வயித்தால ஊர்ந்து, மேடம், மாசக்கணக்குல ஓட்டலாம் இந்த அக்காவை!" தருமலிங்கமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே பலகையில் வாளியை அழித்தார், மூன்று வட்டத்தையும் அழித்தார், குடிகாரத் தம்பியை அழித்தார். வான்மதி சிரிக்கவில்லை. இவள் கையைத் தொட்டாள், தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள், அந்தத் தொடுதலில் என்ன இருக்கிறது என்று சௌந்தரவல்லியால் சொல்ல முடியவில்லை, தேடவும் இல்லை. "லாக்" என்றார் தருமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அக்காவுக்குப் பேரு?" தெய்வநாயகம் பார்ப்பார், யாராவது காட்டாமல் இருக்க மாட்டார்கள், ஒரு மாதம் தன்னை என்னவாக நினைத்தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கோவில்பட்டியில் இறங்கினால் பிள்ளைகள் கத்தும். அந்த ஹாலில் ஒருத்தன் பெயரைக் கேட்டுத் தலையைத் தூக்கினாலும் தூக்குவான், தூக்காமலும் இருப்பான். பயமாக இருந்தது. "சௌந்தரவல்லி" என்றாள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. தருமலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது, வல்லியின் புருஷன் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவருக்குத் தெரியும். ஜெகதீசன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "வேற பேர் வச்சுக்கலாம்மா" என்றார் தருமலிங்கம் தாழ்ந்த குரலில். "வேணாம் சார்" என்றாள் அவள். "முழுசா எழுதுங்க."